லீவரைத் தொடாதபோது எண்ணெய் எங்கே போகிறது? பழைய டிராக்டரில் ஜாய்ஸ்டிக் வால்வு மாட்டுபவருக்கு

பழைய டிராக்டரின் முன்னால் லோடர் மாட்டியிருப்பவர்கள் பலர் இரண்டு தனித்தனி லீவர்களோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்று ஆர்மைத் தூக்கி இறக்க, மற்றது பக்கெட்டை மடக்கிக் கொட்ட. எருக்குழியில் அரை நாள் ஓட்டினால் வலது கை இரண்டுக்கும் நடுவே தாவித் தாவி ஓய்ந்துபோகும். இடது கை ஸ்டியரிங்கை விட முடியாது. அதனால்தான் ஒரே பிடியில் இரண்டு வேலையும் செய்யும் ஜாய்ஸ்டிக் வால்வு மேல் ஆசை வருகிறது. பிடியை முன்னும் பின்னும் அசைத்தால் ஆர்ம் அசையும். இடமும் வலமும் அசைத்தால் பக்கெட். கோணலாகத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து.

மாட்டும் வேலை என்று பார்த்தால் நாலு போல்ட், ஆறேழு ஹோஸ். ஆனால் கடைக்குப் போய் வால்வை வாங்குவதற்கு முன்பே உங்கள் வண்டியிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: யாரும் லீவரைத் தொடாமல் இருக்கும்போது, பம்ப் தள்ளுகிற எண்ணெய் எங்கே போகிறது? இதற்கு விடை தெரிந்தால் எந்த வால்வு, எத்தனை குழாய், எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் தானாக விளங்கிவிடும். தெரியாமல் மாட்டினால் நல்ல வால்வும் உடையும், நல்ல பம்பும் கெடும்.

வாய்க்காலும் மடையும்

வாய்க்கால் பாசனம் பார்த்தவருக்கு இது புதிதே அல்ல. வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. நம் வயலுக்கு வேண்டுமானால் மடையைத் திறந்து, வாய்க்காலைக் குறுக்கே அடைக்கிறோம். போதுமென்றால் மடையை மூடி வாய்க்காலைத் திறந்துவிடுகிறோம், தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகிறது. மடையையும் மூடி வாய்க்காலையும் அடைத்தால் கரை உடையும்.

பழைய டிராக்டர்கள் பலவற்றில் இருக்கும் பல்சக்கர பம்ப் இப்படிப்பட்டதுதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நிறுத்து என்றால் நிற்காது. ஆகவே லீவர் நடுவில் இருக்கும்போது எண்ணெய் வால்வுக்குள் புகுந்து, அழுத்தம் ஏதும் ஏறாமல் வெளியேறித் தொட்டிக்குத் திரும்ப ஒரு திறந்த வழி வேண்டும். இந்த வகைக்கு ஓப்பன் சென்டர் என்று பெயர். லீவரைச் சாய்த்தால் அந்த வழி அடைபட்டு, எண்ணெய் சிலிண்டர் பக்கம் திரும்புகிறது. சிலிண்டர் கடைசிவரை நீண்டுவிட்டது, ஆனால் நீங்கள் இன்னும் லீவரைப் பிடித்திருக்கிறீர்கள் என்றால் எண்ணெய்க்குப் போக்கிடம் இல்லை. அப்போது காப்பாற்றுவது ரிலீஃப் வால்வு. ஏரிக்குக் கலிங்கு எப்படியோ அப்படி. குறித்த அளவுக்கு மேல் அழுத்தம் ஏறினால் எண்ணெயைத் தொட்டிக்கு வழியவிடும்.

இன்னொரு வகை வீட்டு மாடித் தொட்டி போன்றது. குழாயில் எப்போதும் அழுத்தம் நிற்கும், திறந்தால்தான் ஓடும். ஜான் டீர் 1960-இல் கொண்டுவந்த புதிய வரிசை டிராக்டர்களில் இருப்பது இது. குளோஸ்டு சென்டர் என்பார்கள். இதில் ஓப்பன் சென்டர் வால்வை அப்படியே மாட்டினால், திறந்த குழாயை மூடாமல் விட்டதுபோல் பம்ப் முழு வேகத்தில் ஓடி ஓடி எண்ணெயைக் கொதிக்க வைத்துவிடும். சில வால்வுகளில் நடுவழியை அடைக்கும் பிளக் ஒன்றைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். வாங்கும்போதே கேட்க வேண்டிய கேள்வி அது.

கடைமடைக்கு விடும் எண்ணெய்

உங்கள் வண்டியில் பம்ப் இன்ஜின் பக்கத்தில் இருந்து, குழாய் வழியாகப் பின்னால் இருக்கும் மும்முனை லிஃப்டுக்கு எண்ணெய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழாயை நடுவில் வெட்டித்தான் லோடர் வால்வைச் சேர்க்கப் போகிறீர்கள். இனி லோடர் தலைமடை, லிஃப்ட் கடைமடை.

இங்கேதான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள். வால்வுக்கு உள்ளே வரும் வாய் ஒன்று, வெளியே போகும் வாய் ஒன்று. ஆகவே வெளியே வருவதை லிஃப்டுக்குக் கொடுத்தால் ஆயிற்று என்று தோன்றும். எங்கள் வீட்டு முதல் வண்டியில் பட்டறைக்காரர் அப்படித்தான் கொடுத்தார். இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் கலப்பையைத் தூக்கும்போது ஸ்பூல் (லீவரோடு வால்வுக்குள் நகர்ந்து எண்ணெயைத் திருப்பும் தண்டு) முனையிலிருந்த சீல் பிதுங்கி, சீட்டுக்குப் பக்கத்திலேயே எண்ணெய் பீச்சியடித்தது. அந்த வெளிவாய் தொட்டிக்குத் திரும்பும் சாதுவான எண்ணெய்க்காக அமைத்தது. லிஃப்ட் பளு தூக்கும்போது அந்தக் குழாய் முழுக்க அழுத்தம் ஏறும், அது பின்னோக்கி வால்வின் மெலிந்த பக்கத்தைத் தாக்கும். அன்று சீல் போனதோடு நின்றது. வார்ப்பிரும்பு உடம்பே விரிசல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்குப் பதறுகிறது.

இதற்கென்றே சில வால்வுகளில் மூன்றாவது வாய் உண்டு. பவர் பியாண்ட் என்பது அதன் பெயர். ஒரு சின்ன ஸ்லீவைத் திருகியதும், நடுவழியில் வரும் எண்ணெய் தனியாகப் பிரிந்து அந்த வாய் வழியே கடைமடைக்குப் போகிறது. லிஃப்ட் பளு தூக்கும்போது ஏறும் அழுத்தத்தை அந்த வாய் தாங்கும். சிலிண்டர்களிலிருந்து திரும்பும் எண்ணெயும் ரிலீஃப் வால்வு வழியவிடும் எண்ணெயும் மட்டும் டேங்க் வாய் வழியாகத் தொட்டிக்குப் போகும். அப்படியானால் மூன்று குழாய்கள்: பம்பிலிருந்து வால்வின் உள்வாய், பவர் பியாண்டிலிருந்து லிஃப்ட், டேங்க் வாயிலிருந்து நேராகத் தொட்டி. இந்தத் தொட்டிக் குழாயில் அடைப்பான், கழற்றி மாட்டும் கப்ளர் எதுவும் வைக்கக் கூடாது. கப்ளர் சரியாகப் பூட்டாமல் போனால் ரிலீஃப் வால்வுக்கே வழி அடைந்துவிடும். கலிங்கை மண் போட்டு மூடிய கதை.

மாஸி வண்டிகளுக்கு வேறு கணக்கு

தமிழ்நாட்டு வயல்களில் அதிகம் கண்ணில் படுகிற பழைய வண்டிகளில் ஒன்று மாஸி பெர்குசன் 1035. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே தயாரித்தது. இங்கிலாந்தில் 1950-களின் பிற்பாதியில் வந்த மாஸி 35-இன் வழிவந்தது அது. 135 என்ற அண்ணனும் அதே குடும்பம். இந்தக் குடும்பத்தில் நம் கேள்விக்கு மூன்றாவது விடை ஒன்று இருக்கிறது.

ஹாரி பெர்குசன் வகுத்த அமைப்பில் பம்ப் வெளியே இல்லை. பின்பக்க ஹவுசிங்குக்குள், கியர் எண்ணெயில் மூழ்கி, பின்னால் மாட்டும் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டால் சுழலும் நான்கு பிஸ்டன் பம்ப் அது. கட்டுப்பாட்டு வால்வு பம்புக்கு முன்னால், எண்ணெய் உறிஞ்சும் பக்கத்தில் இருக்கிறது. லிஃப்ட் நிற்க வேண்டிய இடத்தில் நின்றதும் பம்புக்கு எண்ணெயே கிடைக்காது. பிஸ்டன்கள் அசையும், எதையும் தள்ளாது. லீவரைத் தொடாதபோது எண்ணெய் எங்கும் போவதில்லை, ஹவுசிங்கிலேயே கிடக்கிறது. அந்தக் காலத்திலேயே இவ்வளவு சிக்கனமாக யோசித்தார்களே என்று ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் எனக்கு மரியாதைதான் வருகிறது.

லோடருக்கு மட்டும் இது இடைஞ்சல். சீட்டுக்கு அடியில் லிஃப்ட் மூடியிலிருந்து எண்ணெயை வெளியே எடுக்கலாம். டிப்பர் டிரெய்லருக்கு அப்படித்தான் எடுக்கிறோம். 135-இல் பொசிஷன் லீவரை டிரான்ஸ்போர்ட் குறிக்கு மேலே, கான்ஸ்டன்ட் பம்பிங் என்று எழுதிய இடத்தில் வைத்தால் பம்ப் விடாமல் தள்ளும், வெளி வால்வு வேலை செய்யும். ஆனால் பின் லிஃப்டுக்கும் அதே எண்ணெய்தான் என்பதால் இரண்டையும் பிரிக்கும் ஏற்பாடு வேண்டும். அளவும் குறைவு, நிமிடத்துக்குச் சுமார் 15 லிட்டர்.

அதைவிடப் பெரிய தொல்லை கிளட்ச். லோடர் ஓட்டுபவர் என்ன செய்வார்? குவியலுக்குள் வண்டியை முட்டி, கிளட்சை மிதித்து, பக்கெட்டை மடக்கித் தூக்குவார். ஒற்றைக் கிளட்ச் வண்டியில் மிதித்த கணமே பி.டி.ஓ. நின்றுவிடும், அதோடு பம்பும். தூக்க வேண்டிய நேரம் பார்த்து எண்ணெய் இல்லை. இரட்டைக் கிளட்ச் இருந்தால் பாதி மிதியில் சமாளிக்கலாம், கால் கொஞ்சம் அதிகமாக இறங்கினால் அதுவும் நிற்கும்.

அதனால் மாஸி குடும்பத்து வண்டிக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லோடருக்குத் தனி பம்ப், தனித் தொட்டி வையுங்கள். இன்ஜினின் முன்முனையில் கிராங்க் புல்லியோடு ஒரு பல்சக்கர பம்பை இணைத்துவிட்டால் இன்ஜின் ஓடும்வரை எண்ணெய் உண்டு. செலவு கூடும். ஆனால் சேற்றுழவில் தண்ணீர் கலந்து பால் போலான கியர் எண்ணெய் புது வால்வுக்குள் போகாது, பவர் பியாண்டும் தேவைப்படாது. பம்ப், வால்வு, ஃபில்டர், தொட்டி என்று ஒரே வட்டம்.

ஒரு எச்சரிக்கை. பல்சக்கர பம்புக்குச் சுற்றும் திசை உண்டு. இன்ஜினை முன்னாலிருந்து பார்த்தால் கிராங்க் கடிகார முள் திசையில் சுற்றும். பம்பின் திசையைச் சொல்வதோ அதன் தண்டு முனையைப் பார்த்து. முன்னால் மாட்டும் பம்பின் தண்டு இன்ஜினைப் பார்த்துத் திரும்பியிருப்பதால், உங்களுக்கு வேண்டியது கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றுப் பம்ப். தவறான திசை பம்பை மாட்டினால் தண்டு சீல் சில நொடிகளில் வெளியே வந்துவிடும்.

கொஞ்சம் கணக்கு

ஆர்மைத் தூக்க 50 மில்லிமீட்டர் உள்விட்டம், அரை மீட்டர் நீட்டம் கொண்ட இரண்டு சிலிண்டர்கள் என்று வைப்போம். ஒன்றின் பரப்பு 19.6 சதுர சென்டிமீட்டர். பட்டறை வழக்கில் 150 கிலோ பிரஷர், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ, கொடுத்தால் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,900 கிலோ விசையில் தள்ளும். பக்கெட்டில் அவ்வளவும் கிடைக்காது. சிலிண்டர் ஆர்மின் அடிப்பக்கம் பிடித்திருக்கிறது, பளு நுனியில் இருக்கிறது. ஏற்றக் கோலில் பிடிக்கும் இடம் மாறினால் பாரம் மாறுவது போலத்தான்.

இரண்டும் முழுக்க நீள ஏறக்குறைய 2 லிட்டர் எண்ணெய் வேண்டும். நிமிடத்துக்கு 15 லிட்டர் வந்தால் 8 விநாடி. சுற்றுக்கு 16 சி.சி. தள்ளும் பம்பை 1,500 சுற்றில் ஓட்டினால் நிமிடத்துக்கு 24 லிட்டர், அப்போது 5 விநாடி. அந்தப் பம்ப் முழு அழுத்தத்தில் குறைந்தது 8 குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்ளும். 35 குதிரைச் சக்தி வண்டிக்கு இதற்கு மேல் பெரிய பம்ப் தேவையில்லை. விசை அழுத்தத்தால் வருகிறது, வேகம் எண்ணெய் அளவால் வருகிறது. பளு தூக்கவில்லை என்று பெரிய பம்ப் வாங்குபவர்களும், மெதுவாக இருக்கிறது என்று ரிலீஃப் திருகை இறுக்குபவர்களும் இந்த ஒரு வரியைத்தான் தவறவிடுகிறார்கள்.

தொட்டி, பம்ப் ஒரு நிமிடத்தில் தள்ளும் அளவுக்காவது இருக்கட்டும். நம் வெயிலுக்கு 68 நம்பர் ஹைட்ராலிக் எண்ணெய் சரியாக இருக்கும். அழுத்தம் போகும் ஹோஸ் 3/8 இஞ்சு, இரண்டு கம்பி வலை உள்ளது. திரும்பும் ஹோஸ் அதைவிடப் பெரிது, உறிஞ்சும் ஹோஸ் அதைவிடவும் பெரிது. உறிஞ்சும் வழி குறுகினால் பம்ப் கல் அரைப்பது போலச் சத்தம் போடும்.

மரை

புது வால்வை நாசமாக்க அழுத்தமே வேண்டாம், தப்பான மரை போதும். இங்கே புழங்குவது பெரும்பாலும் பிரிட்டிஷ் பி.எஸ்.பி. மரை. வெளிநாட்டு வால்வு சிலவற்றில் அமெரிக்க என்.பி.டி. மரை இருக்கும். அரை இஞ்சு அளவில் இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரைதான், விட்டமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்குள் ஒன்று சில சுற்று ஏறவும் செய்யும். மரையின் கோணம்தான் வேறு, பி.எஸ்.பி. 55 பாகை, என்.பி.டி. 60. ஆகவே ஒழுகும். ஒழுகுகிறதே என்று நீண்ட ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். என்.பி.டி. கூம்பு மரை என்பதால் ஆப்பு போல உட்கார்ந்து வார்ப்பிரும்பைப் பிளக்கும். நேர்மரையும் ரப்பர் பதித்த வாஷரும் கொண்ட வால்வையே தேடி வாங்குங்கள். டெஃப்லான் டேப்பைத் தொடவே வேண்டாம். அதன் நார் ஒன்று பிய்ந்து உள்ளே போனால் போதும், முடியளவுக்கும் குறைந்த இடைவெளியில் ஓடும் ஸ்பூல் சிக்கிக்கொள்ளும், லீவரை விட்டாலும் ஆர்ம் ஏறிக்கொண்டே போகும்.

பிடியின் திசையும் ஃப்ளோட்டும்

வால்வை வலது முழங்கை தொடையில் இளைப்பாறும் உயரத்தில், மட்கார்டிலோ லோடர் தூணிலோ போல்ட் போடுங்கள். இருக்கையில் உட்கார்ந்து, அட்டையில் மாதிரி வெட்டி வைத்துப் பார்த்துவிட்டு இரும்பை வெட்டுவது நல்லது. கியர் லீவர், பிரேக், ஏறி இறங்கும் வழி எதிலும் இடிக்கக் கூடாது.

வழக்கமான திசை இது: பின்னால் இழுத்தால் ஆர்ம் ஏறும், முன்னால் தள்ளினால் இறங்கும். இடப்பக்கம் பக்கெட் மடங்கும், வலப்பக்கம் கொட்டும். முன்னால் இன்னும் அழுத்தித் தள்ளினால் டக்கென்று ஒரு குழியில் பிடி உட்காரும். அதுதான் ஃப்ளோட். அந்த நிலையில் ஆர்ம் சிலிண்டரின் இரு பக்கமும் தொட்டியோடு திறந்துவிடும், பக்கெட் தன் எடையில் தரையின் மேடு பள்ளத்தைப் பின்பற்றிப் போகும். களம் சமன் செய்யவும் எரு வழிக்கவும் இதுபோல் சுகம் வேறில்லை. ஃப்ளோட் இல்லாமல் இறக்கு நிலையிலேயே அழுத்தினால் டிராக்டரின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொள்ளும், ஸ்டியரிங் பிடிப்பு போய்விடும்.

ஃப்ளோட் குழி இரண்டு ஸ்பூல்களில் ஒன்றுக்குத்தான் இருக்கும். ஆர்ம் சிலிண்டர்கள் அந்த ஸ்பூலோடுதான் சேர வேண்டும். பக்கெட் திசை தலைகீழாக வந்தால் இரண்டு ஹோஸை மாற்றிப் போட்டால் போதும். ஆர்ம் தலைகீழாக வந்தால் அப்படியே ஓட்டிப் பழகிக்கொள்ளலாம் என்று மட்டும் எண்ணாதீர்கள். அப்போது முன்னால் தள்ளினால் ஆர்ம் ஏறும், இன்னும் தள்ளினால் ஃப்ளோட், ஏறிய பளு அத்தனையும் ஒரே மூச்சில் கீழே விழும். அன்றைக்கே ஹோஸை மாற்றுங்கள்.

கோணலாகத் தள்ளினால் இரண்டும் சேர்ந்து அசையும் என்றேன். பளு இருக்கும்போது அப்படி நடக்காததைக் கண்டு வால்வு கெட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். எண்ணெயும் தண்ணீர் மாதிரி பள்ளத்துக்குத்தான் பாயும். எது இலேசோ அது முதலில் அசையும்.

முதல் முறை ஓட்டும்போது

பம்பின் வாயில் எண்ணெய் ஊற்றி, டீசல் ஸ்டாப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்ஜினைச் சில சுற்று சுற்றவிடுங்கள், வறண்ட பம்ப் ஓடக் கூடாது. பிறகு ஸ்டார்ட் செய்து மெல்லிய ஓட்டத்தில், பக்கெட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் தூக்கி இறக்குங்கள். சிலிண்டரில் அடைபட்ட காற்று முதலில் திக்கித் திக்கி அசையவைக்கும். பத்துப் பன்னிரண்டு முறை ஆனதும் சீராகும். எல்லாச் சிலிண்டர்களும் சுருங்கிய நிலையில் தொட்டி அளவைப் பார்த்து எண்ணெய் நிரப்புங்கள். நீண்ட நிலையில் நிரப்பினால் ஆர்ம் இறங்கும்போது தொட்டி பொங்கும்.

பிரஷர் கேஜ் இல்லாமல் ரிலீஃப் திருகைத் தொடக் கூடாது. இரவல் வாங்கியாவது கேஜை மாட்டி, சிலிண்டரைக் கடைசிவரை ஓடவிட்டுப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பம்ப், ஹோஸ், சிலிண்டர் மூன்றில் எது நலிவானதோ அதன் அளவுக்குக் கீழே அது நிற்க வேண்டும். பழைய வண்டியின் முன் ஆக்சிலும் பவர் இல்லாத ஸ்டியரிங்கும் இந்தக் கணக்கில் சேர்த்தி. 150-க்கு மேல் போக எனக்கு மனம் வந்ததில்லை. பின்னால் லிஃப்டில் கனமான பாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளாமல் லோடர் ஓட்டவும் கூடாது.

ஒழுகலைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசித்துளையில் பீறிடும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது, கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போகும். முதலில் எறும்புக் கடி போலத்தான் இருக்கும். சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போய்விடும். பட்டால் வலிக்காவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், அழுத்த எண்ணெய் உள்ளே ஏறியிருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தேடுவதற்கு ஒரு அட்டைத் துண்டு போதும்.

தூக்கிய ஆர்முக்கு அடியில் நிற்கவும் வேண்டாம். வால்வு புதிதானாலும் ஸ்பூலின் இடுக்கு வழியாக எண்ணெய் துளித்துளியாகக் கசியும், நிறுத்திய லோடர் இரவில் தானாக இறங்குவது அதனால்தான். ஹோஸ் ஒன்று வெடித்தால் மெதுவாகவும் இறங்காது. எந்த நட்டைத் தளர்த்துவதானாலும் பக்கெட்டைத் தரையில் கிடத்தி, இன்ஜினை நிறுத்தி, பிடியை நான்கு திசையிலும் ஒருமுறை அசைத்து உள்ளே நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு ஸ்பேனரை எடுங்கள்.

முதல் பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா இணைப்புகளையும் ஒருமுறை பாருங்கள், திரும்பும் குழாயின் ஃபில்டரை மாற்றிவிடுங்கள். புதுக் குழாய், புதுத் தொட்டி, வெல்டிங் இவற்றிலிருந்து கழன்ற துகளெல்லாம் அதில்தான் வந்து தங்கியிருக்கும். பழைய ஃபில்டரை வெட்டிப் பார்த்தால் பித்தளை மினுமினுப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். தெரிந்தால் பம்பின் புஷ் தேய்கிறது, உறிஞ்சும் வழியை அன்றே சரிபார்க்க வேண்டும்.